அழுக்கு வேறு, நஜீஸ் வேறு: பிஞ்சுக் கைகளைக் கட்டிப்போடாதீர்கள்



"வீடு அழுக்காகிவிடும்." இந்த இரண்டு சொற்களால் நம் இல்லங்களில் நாள்தோறும் எத்தனை பிஞ்சுக் கைகள் தடுக்கப்படுகின்றன என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மாவில் கை வைத்தால் அதட்டல். மண்ணைத் தொட்டால் அடி. தண்ணீர்க் குவளை கவிழ்ந்தால் கூச்சல். வண்ணக் குச்சியை எடுத்துக்கொண்டு சுவரருகே சென்றால் உடனே பறிமுதல். பின்னர், அழுகின்ற அந்தப் பிள்ளையின் கையில் அலைபேசி வைக்கப்படுகிறது. அது மாவைப் போலச் சிந்துவதில்லை. மண்ணைப் போல ஒட்டுவதில்லை. தண்ணீரைப் போலப் பாயை நனைப்பதில்லை. வீடு சுத்தமாக இருக்கிறது. பிள்ளை அமைதியாக இருக்கிறது. இந்த அமைதியைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

கறைபடாத கைவேலைகள் சில இப்போது பரவலாகப் பேசப்படுகின்றன. பைக்குள் அடைத்த வண்ணத்தை விரலால் அழுத்தி வரைதல், தட்டில் பரப்பிய ரவையில் எழுதுதல், தண்ணீரால் தரையில் ஓவியம் தீட்டுதல் போன்றவை. பிள்ளை தொட்டும் அழுத்தியும் உருட்டியும் உலகை அறிய வேண்டும். வீடும் பாழாகக் கூடாது என்பதே இவற்றின் நோக்கம். இவற்றைக் குறித்துச் சில தாய்மார்கள் நம்மிடம் கருத்துக் கேட்கிறார்கள். நம் நிலைப்பாட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். இந்தக் கைவேலைகள் நல்லவை. சிறிய வீட்டில், குறைந்த தண்ணீரில், ஓயாத வேலைக்கு நடுவே பிள்ளை வளர்க்கும் ஒரு தாய்க்குப் பெரிய உதவி. ஆனால் "கறைபடாமை" என்பதையே வளர்ப்பின் இலக்காக்கிக்கொண்டால், அதுவும் பிள்ளையின் கையைக் கட்டும் மற்றொரு கயிறாகிவிடும்.

மார்க்கத்தைச் சாக்காகச் சொல்லாதீர்கள்

"தொழுகின்ற வீடு உஸ்தாத். பிள்ளைகள் எல்லாவற்றையும் இழைத்துவிட்டால் சுத்தம் என்னாவது?" என்ற கேள்வியை நாம் அடிக்கடி எதிர்கொள்கிறோம். கேட்பவர்களின் பேணுதலை நாம் மதிக்கிறோம். ஆனால் இக்கேள்வியில் இரண்டு வேறுபட்ட விஷயங்கள் ஒன்றாகக் குழப்பப்பட்டுள்ளன.

ஃபிக்ஹ் நூல்களின் முதல் பாடமே தூய்மை. நஜீஸ் எனப்படும் அசுத்தங்கள் எவை என்பது அங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது. சிறுநீர், மலம், இரத்தம் போன்றவை அந்த வரிசையில் வரும். கோதுமை மாவு வராது. களிமண் வராது. மஞ்சள் தண்ணீரும் பீட்ரூட் சாறும் வரா. மாவு படிந்த சட்டையோடு ஒருவர் தொழுதால் தொழுகை கூடும். மண்ணோ, தண்ணீர் கிடைக்காதபோது தயம்மும் செய்வதற்கு அல்லாஹ் நமக்கு அனுமதித்திருக்கும் பொருள். தயம்முமுக்கு உரிய மண்ணைப் பிள்ளை தொட்டவுடன் "சீச்சீ, அசிங்கம்" என்று முகம் சுளிப்பது எந்த மத்ஹபின் சட்டம்?

உளூவைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தோலின் மீது தண்ணீர் படவிடாமல் தடுக்கும் படலம் இருந்தால் அதை அகற்ற வேண்டும். எண்ணெய் வண்ணமும் மெழுகும் காய்ந்த பசையும் அத்தகையவை. மருதாணியின் சிவப்பைப் போல நிறம் மட்டுமே எஞ்சியிருந்தால் அது தடையன்று. பிள்ளையோடு சேர்ந்து மாவு பிசைந்த தாய், நகத்தில் காய்ந்து ஒட்டியிருப்பதைக் கழுவிவிட்டு உளூச் செய்தால் போதும்.

உண்மையான நஜீஸ் பட்டபோது அண்ணலார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் பாருங்கள். உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) அவர்கள், இன்னும் உணவு உண்ணத் தொடங்காத தம் ஆண் குழந்தையை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார்கள். நபியவர்கள் குழந்தையைத் தம் மடியில் அமர்த்திக்கொண்டார்கள். குழந்தை அவர்களின் ஆடையை நனைத்துவிட்டது. நபியவர்கள் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அந்த இடத்தில் தெளித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள செய்தி இது. மதரஸாக்களில் இந்த ஹதீஸைக் கொண்டு, தெளித்தல் போதுமா, கழுவ வேண்டுமா என்ற சட்டத்தைப் பாடம் நடத்துகிறோம். ஷாஃபிஈ மத்ஹபினர் தெளித்தல் போதும் என்பர். ஹனஃபி மத்ஹபினர் கழுவ வேண்டும் என்பர். இந்தச் சட்டத்தோடு அதில் அடங்கியிருக்கும் பண்பையும் சேர்த்துப் படிக்க வேண்டாமா? குழந்தையை அதட்டியதாக அந்த அறிவிப்பில் இல்லை. தாயைக் கடிந்ததாக இல்லை. அழுக்குப் பட்டது, தண்ணீர் வந்தது, காரியம் முடிந்தது. நம் வீட்டில் சிந்திய வண்ணத்துக்கும் அதே தண்ணீர் போதாதா?

"ஓவியமே ஹராமில்லையா?" என்று கேட்போரும் உண்டு. உயிருள்ளவற்றின் உருவங்களைக் குறித்து ஹதீஸ்களில் கடும் எச்சரிக்கை வந்திருப்பதும், அதன் எல்லை பற்றி ஆலிம்கள் விரிவாக ஆய்ந்திருப்பதும் உண்மையே. ஆனால் உருவம் வரைவதையே பிழைப்பாகக் கொண்டிருந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு அவர்கள் வழிகாட்டினார்கள். ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களுக்கு நடுவே துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்றைக் கண்டு நபியவர்கள் சிரித்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. இலை, மரம், பூ, அலை, நட்சத்திரக் கோலங்கள், அழகிய எழுத்து என வரைவதற்குப் பரந்த வெளி இருக்கிறது. கிரனாடாவின் அல்ஹம்ரா அரண்மனைச் சுவர்களை நம் முன்னோர் அந்த வெளியில் நின்றே நிரப்பினார்கள்.

அலைபேசி சுத்தமானதா?

சிந்தாத ஒரே விளையாட்டுப் பொருள் என்பதால் அலைபேசி நம் வீடுகளில் தாதியாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு வயதுக் குழந்தைக்கு உட்கார்ந்து திரை பார்க்கும் நேரமே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்றும் அது கூறுகிறது. நம் வீடுகளில் சோறு ஊட்டுவதற்கே அதைவிடக் கூடுதல் நேரம் திரை ஓடுகிறது.

"அவன் பார்ப்பது இஸ்லாமியக் கார்ட்டூன்தானே, சூராக்கள்கூட மனப்பாடம் ஆகிவிட்டன" என்ற பதில் ஆயத்தமாக இருக்கிறது. அந்த வரையறை, திரையில் ஓடுவது பாட்டா, பயானா என்று பிரித்துச் சொல்லப்பட்டதன்று. அசையாமல் ஒரே இடத்தில் கிடக்கும் உடலும், வேலையற்றுப் போன கையும் இரண்டிலும் ஒன்றே. சூராவைப் பிள்ளை கேட்க வேண்டுமானால் அதற்குத் திரை தேவையில்லை. தாய் ஓதட்டும். தந்தை ஃபஜ்ருக்குப் பின் சத்தமாக ஓதட்டும். காதால் கேட்டபடியே கையால் மாவை உருட்டட்டும்.

மக்தபில் இதன் விளைவை நாம் நேரில் காண்கிறோம். ஐந்து வயதில் ஓத வரும் பிள்ளைகளில் சிலர் பென்சிலை உள்ளங்கை முழுவதாலும் இறுகப் பிடிக்கிறார்கள். ஓரிரண்டு எழுத்துகளிலேயே கை சோர்ந்துவிடுகிறது. பாட நூலின் தாளைப் புரட்டுவதற்குப் பதிலாக, திரையைத் தள்ளுவது போல விரலால் தள்ளிப் பார்ப்பவர்களும் உண்டு. விரலில் சிறிது பசை ஒட்டினால் அழுகிறவர்கள் உண்டு. இவர்கள் அறிவில் குறைந்த பிள்ளைகள் அல்லர். கைக்கு வேலை கொடுக்கப்படாத பிள்ளைகள்.

சஹாபியப் பெண்மணிகள் அழும் பிள்ளைக்கு எதைக் கொடுத்தார்கள்? ஆஷூரா நோன்பைப் பற்றி ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. சிறுவர்களையும் நோன்பு நோற்கச் செய்து, கம்பளி ரோமத்தால் அவர்களுக்கு விளையாட்டுப் பொருள் செய்வார்கள். பிள்ளை உணவு கேட்டு அழுதால் அதைக் கொடுத்து, நோன்பு துறக்கும் நேரம் வரை ஈடுபடுத்துவார்கள். தம் கையால் செய்தது, மென்மையானது, பிள்ளை தொட்டுப் பிடித்து விளையாடக்கூடியது. அந்தத் தாய்மார்களுக்கும் வேலை இருந்தது, பசி இருந்தது, அவர்களும் நோன்பாளிகளே.

கை வழியே வந்த கல்வி

"இதெல்லாம் மேலை நாட்டு மோகம்" என்று ஒதுக்குவோருக்கு நம் சொந்த வரலாற்றை நினைவூட்டுகிறோம். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் முதல் எழுத்தை மணலில் விரலால் எழுதியே கற்றார்கள். கேரளத்து ஓத்துப்பள்ளிகளில் மரப்பலகையின் மீது களிமண்ணைப் பூசி, காய்ந்தபின் மூங்கில் எழுதுகோலால் மை தொட்டு எழுதினார்கள். பாடம் மனத்தில் ஏறியதும் பலகையைக் கழுவி, மறுபடி மண் பூசி அடுத்த பாடம். மேற்கு ஆப்பிரிக்காவின் குர்ஆன் பள்ளிகளில் இன்றும் பலகையும் மையும் வழக்கில் உள்ளன. குர்ஆனைச் சுமந்த தலைமுறைகளின் விரல்களில் மண்ணும் மையும் ஒட்டியே இருந்தன.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கி, சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பயிலும் முறையைப் பரப்பினார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்கும் பயிற்சியளித்தார். நல்லது எங்கிருந்து வந்தாலும் ஏற்பது நம் மரபு. ஆயினும் எழுத்தை விரலால் உணர்ந்து கற்பது நமக்குப் புதியதன்று.

கறைபடாமல் செய்ய இயலும்

இனி வழிமுறைகளுக்கு வருவோம். இவற்றுக்குக் கடையில் வாங்க வேண்டியது மிகக் குறைவு.

முதலாவது, வண்ணப் பை. ஒரு பங்கு மைதாவை மூன்று, நான்கு பங்கு தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்து, சிறிது உப்புச் சேர்த்து, இளந்தீயில் கிளறினால் கூழாகும். நன்றாக ஆறியதும் பீட்ரூட் சாறு, மஞ்சள், அரைத்த கீரைச் சாறு என விரும்பிய நிறத்தைக் கலக்கலாம். தடித்த ஜிப் பையில் இரண்டு கரண்டி ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, வாயை ஒட்டுநாடாவால் இருமுறை அடைத்து, தரையிலோ சன்னல் கண்ணாடியிலோ ஒட்டிவிடுங்கள். பிள்ளை வெளியிலிருந்து விரலால் அழுத்தினால் கோடு விழும். கையால் தடவினால் அழியும். அலிஃப், பா, தா எழுதலாம். அ, ஆ எழுதலாம். பிழை செய்ய அஞ்சாமல் எழுதலாம். கூழ் புளித்துவிடும் என்பதால் இரண்டொரு நாளில் மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர் ஓவியம். அஸருக்குப் பின் வெயில் தணிந்ததும் ஒரு குவளைத் தண்ணீரும் சுண்ணாம்பு அடிக்கும் பழைய பட்டைத் தூரிகையும் கொடுத்துப் பிள்ளையை மொட்டைமாடிக்கோ முற்றத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். சிமெண்டுத் தரையில் வரைந்தது கண்ணெதிரே காய்ந்து மறையும். தண்ணீர் எங்கே போயிற்று என்று பிள்ளை கேட்கும். மேகத்தையும் மழையையும் அல்லாஹ்வின் ஆற்றலையும் பேசுவதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு எது? தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊரில் அரிசி களைந்த நீரே போதும்.

மூன்றாவது, ரவைத் தட்டு. விளிம்பு உயர்ந்த பழைய சஹன் ஒன்றில் அரை விரல் தடிமனுக்கு ரவையோ சலித்த மணலோ பரப்பி, அடியில் பழைய விரிப்பைப் போட்டுவிடுங்கள். விரலால் எழுதி, தட்டை இலேசாகக் குலுக்கினால் அழிந்துவிடும். சிந்தியதை விரிப்போடு மடித்து மீண்டும் தட்டில் கொட்டலாம்.

நான்காவது, உப்புத்தாள் எழுத்து. மரவேலைக்குப் பயன்படும் உப்புத்தாளில் மெல்லிய ரகத்தை வாங்கி, அரபு எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். பிள்ளை வலமிருந்து இடமாக விரலால் தடவி ஓசையைச் சொல்லட்டும். இதில் சிந்துவதற்கு எதுவுமே இல்லை.

ஐந்தாவது, பின்னல். வண்ணத் தாள்களைப் பட்டைகளாக வெட்டி, மேலும் கீழுமாகக் கோத்துப் பாய் பின்னப் பழக்குங்கள். பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் கைகளில் பெரும்பாலானவை நம் சமுதாயத்துக் கைகளே. அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இவற்றைச் செய்யும்போது ஓர் அதபைப் பேணுங்கள். தனி எழுத்துகளை எங்கும் எழுதிப் பழகலாம். அல்லாஹ்வின் திருநாமத்தையோ குர்ஆன் வசனத்தையோ மாவிலும் மணலிலும் தரையிலும் எழுத வைக்காதீர்கள். அழிக்கவும் மிதிக்கவும் நேரும். அவற்றின் கண்ணியத்தைப் பிள்ளை சிறு வயதிலேயே அறியட்டும்.

விரயமும் வியாபாரமும்

உணவுப் பொருளில் விளையாடுவது வீண் விரயமாகாதா என்ற கவலை நியாயமானது. கீழே விழுந்த கவளத்தையும் துடைத்து உண்ணச் சொன்ன நபியின் உம்மத் நாம். கிலோக் கணக்கில் புது அரிசியைச் சாயமேற்றிக் குப்பையில் கொட்டும் காணொளிகளைப் பார்த்து அதையே செய்யாதீர்கள். வண்டு விழுந்த ரவை, நாள்பட்ட மாவு, மணல், தையற்காரரிடம் மிஞ்சும் துணித்துண்டு, உதிர்ந்த இலை இவையெல்லாம் இருக்கின்றன. சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டையைக் கொடுத்து, கையைக் கழுவிவிட்டு அதைத் தேய்க்கச் சொல்லிச் சுட்டும் கொடுத்தால் விரயத்துக்கு இடமேது?

மற்றொரு பக்கம் சந்தை நம்மை நோக்கிக் கை நீட்டுகிறது. கறைபடாத எழுதுகோல், அதற்கென்றே தனித்தாள், அதற்கென்றே தனிப்பெட்டி. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை விலை கொடுத்து வாங்காத தாய் தன் பிள்ளைக்கு ஏதோ குறை வைத்துவிட்டதாக நம்ப வைக்கிறார்கள். அந்தக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாகாதீர்கள். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் சிறு மணிகளை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பிள்ளை விழுங்கினால் அவை குடலுக்குள் பெருத்து உயிருக்கே ஆபத்தாகும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் பயறு, புளியங்கொட்டை, மணி போன்றவற்றைத் தராதீர்கள். தண்ணீர் வாளியருகே பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

பிள்ளை வரையும்போதெல்லாம் படம் பிடித்து ஊருக்குக் காட்டும் பழக்கமும் வேண்டாம். பிள்ளை தனக்காக வரைய வேண்டும். நம் விருப்பக்குறிகளுக்காக அன்று.

துடைப்பது யார்?

இந்தச் சிக்கலின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. "அழுக்காக்காதே" என்று தாய் கத்துவது பெரும்பாலும் மனக்கடினத்தால் அன்று. சிந்தியதைத் துடைக்கப்போவது அவள் ஒருத்திதான் என்பதால். சமையல், பாத்திரம், துணி, மாமியாருக்கு மருந்து, மூத்த பிள்ளையின் வீட்டுப்பாடம் இத்தனைக்கும் மேல் ஒரு தட்டு ரவையும் தரையில் கொட்டினால் அவள் என்ன செய்வாள்? அந்தத் தாயை நாம் குறை சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பிள்ளையைக் கொஞ்சம் அடக்கு, வீடு வீடாக இல்லை" என்று குரல் கொடுக்கும் தந்தையை நோக்கியே பேசுகிறோம்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது. மிஸ்வாக் குச்சியையும் தாடியையும் சுன்னத் என்று பேணும் சகோதரர்களே, துடைப்பத்தை எடுப்பதில் மட்டும் ஏன் தயக்கம்? வாரத்தில் ஒரு நாள், ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தபின் ஒரு மணி நேரம், பிள்ளையோடு தரையில் அமர்ந்து மண் பிசையுங்கள். அதன் பிறகு நீங்களே துடையுங்கள்.

பிள்ளையையும் துடைக்கப் பழக்குங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஈரத்துணியைக் கொடுத்தால் ஆர்வத்தோடு தரையைத் தேய்க்கும். அது சரியாகத் துடைக்காது. ஆனால் சிந்துவதும் சுத்தம் செய்வதும் ஒரே வேலையின் இரு பகுதிகள் என்று கற்றுக்கொள்ளும். தூய்மை நம் ஈமானோடு இணைந்தது என்று மேடையில் முழங்குகிறோம். அழுக்கையே பார்க்க விடாமல் வளர்க்கப்பட்ட பிள்ளைக்குத் தூய்மை எப்படிப் புரியும்? பிசைந்த கையைக் கழுவும்போது, மணிக்கட்டு வரை மும்முறை, விரல்களைக் கோத்து என்று சொல்லிக் கொடுங்கள். உளூவின் முதல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

ஆகவே, பெற்றோரே, பையும் தட்டும் விரிப்பும் உங்கள் சிரமத்தைக் குறைப்பதற்காக. ஆறு நாள் அவற்றைப் பயன்படுத்துங்கள். ஏழாம் நாள் பிள்ளை முழங்கை வரை நனையட்டும். கன்னத்தில் மாவு பூசிக்கொள்ளட்டும். தரையைத் துடைக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். பயன்படுத்தப்படாமலே கடந்துபோன அந்த ஐந்து ஆண்டுகளைப் பின்னர் எந்தத் தண்ணீராலும் மீட்க இயலாது. குழந்தைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களுடைய கண், காது, நா ஆகியவற்றைப் போலவே அவர்களின் கைகளும் அந்த அமானிதத்தில் அடங்கியவையே. அவற்றைக் குறித்தும் நாம் விசாரிக்கப்படுவோம்.

எழுதவும் உழைக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் வல்ல கைகளை உடைய சந்ததியை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. அவர்களைப் பொறுமையோடு வளர்க்கும் மனத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.